போடாத கையெழுத்து

"இன்னைக்காவது அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்களா?"

செருப்பைக் கூடக் கழற்றவிடாமல் கேட்டாள் மனைவி. கணவன் இல்லை என்று தலையாட்டினான்.

"பத்து வாரமாச்சு! என்னதான் சொல்றாங்க?"

"அடுத்த வாரம் வரச் சொன்னாங்க."

அவன் ரயில் டிரைவர். மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு வளைவைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே ஒருவர் நின்றிருந்தார். பிரேக் போட்டான். ரயில் என்ன சைக்கிளா, நினைத்த இடத்தில் நிற்க?

மனநல ஆலோசகர் கையெழுத்துப் போட்ட படிவம் வந்தால்தான் மறுபடி வேலை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வாரம் ஒரு நாள், ஐம்பது நிமிஷம். போனால் தெளிந்துவிடுவான் என்று நம்பினாள். அவனோ போய்வந்த அன்றெல்லாம் சாப்பிடுவதுகூட இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

இப்போது ஆபீஸிலிருந்து கடிதமே வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் படிவம் தராவிட்டால் வேலை போய்விடும்.

மறுநாள் காலை அவளே கிளம்பிப் போனாள்.

சின்ன அறை. இரண்டு நாற்காலிகள், நடுவில் டிஷ்யூ பெட்டி. ஆலோசகருக்கு அறுபது வயதிருக்கும்.

"உட்காருங்கம்மா."

"உட்கார வரல. இருபத்தெட்டு வருஷ அனுபவம்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்க. ஒரு மனுஷனைச் சரி பண்ணத் தெரியலையே! அப்படி என்னதான் பேசுறீங்க ரெண்டு பேரும்?"

"அவர் இங்க பேசினதை நான் வெளியில சொல்ல முடியாதும்மா."

"கட்டின பொண்டாட்டிகிட்ட கூடவா?"

"உங்ககிட்ட கூட."

"சரி, சொல்ல வேணாம். ஒரு கையெழுத்துப் போட்டா உங்க கை தேஞ்சா போயிடும்?"

ஆலோசகர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அது இவளுக்கு இன்னும் கோபத்தை ஏற்றிவிட்டது.

"மனசாட்சி இருக்கா உங்களுக்கு? இப்படி இழுத்தடிச்சு ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்துறீங்களே! உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆலோசகர் மறுக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. இவள் மூச்சு வாங்கி நிறுத்தும் வரை காத்திருந்தார்.

"இவ்வளவு பயம் உங்களுக்கு இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவரே நொந்து கிடக்காரு. அவர்கிட்ட போய் எப்படிச் சொல்றது?"

"சொல்லுங்க. இங்க வந்ததையும் சொல்லுங்க. என்னைத் திட்டினதை ஒண்ணு விடாம சொல்லுங்க."

"சொல்லாம விடுவேனா?"

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

வீட்டில் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"திட்டினியா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வாயே திறக்கல. தப்பு பண்ணவங்க எப்படித் திறப்பாங்க?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். இந்த மூன்று மாதத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"என்னங்க... என்ன ஆச்சு?"

எழுந்து போய், பீரோவில் யூனிஃபார்முக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். அதே படிவம். 'வேலைக்குத் திரும்புவதா என்பதை இனி அவரே முடிவு செய்யலாம்' என்ற வரிக்குக் கீழே ஆலோசகரின் கையெழுத்து இருந்தது. ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி.

அதற்குக் கீழே இன்னொரு வரி: 'மீண்டும் ரயில் ஓட்ட எனக்குச் சம்மதம்.' அங்கே வெறும் கோடுதான் இருந்தது.

"பேனாவை எடுத்தாலே தண்டவாளத்துல நின்ன அந்த ஆளு நிமிர்ந்து என்னையே பார்க்கிறாருடி. என்னால முடியல. உன்கிட்ட சொல்லத் தைரியம் இல்லாம, அவங்க போடலைன்னு பொய் சொன்னேன்."

அவள் அந்தத் தேதியை மறுபடி பார்த்தாள்.

"அவங்க மேல பழி போட்டது... அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"போன மாசமே அவங்ககிட்ட சொல்லிட்டேன்."