பதில் சொல்வது யார்?

சிவாஜிநகரில் குழந்தைகளுக்கான தடுப்பூசிக் கிடங்கு அது. முப்பது குளிர்பெட்டிகள், பெட்டிக்கு ஒரு வெப்பமானி, அதற்கொரு எண், முப்பதையும் கோத்து ஒரே கம்பி. கணினி எந்த எண்ணைக் கூப்பிடுகிறதோ அது மட்டும் பதில் சொல்ல வேண்டும். மற்றவை சும்மா இருக்க வேண்டும்.

பதினேழைக் கூப்பிட்டால் மட்டும் திரையில் குப்பையாக வந்தது.

“ஸ்வல்ப சீக்கிரம் மேடம். ஆய்வுக்காரர் கீழே வந்துட்டாரு. ஒரு பெட்டி காட்டலைன்னாலும் லைசென்ஸ் போயிடும்,” என்றார் மேலாளர் எத்திராஜ். குளிரிலும் அவருக்கு வேர்த்தது.

பழுது பார்க்க வந்திருந்த தாரணி பதினேழாம் பெட்டியின் வெப்பமானியைக் கழற்றினாள். உடனே திரை தெளிந்தது: பதினேழு, நான்கு டிகிரி.

“பேஷ். அப்படியே விட்டுடுங்க.”

“எப்படி சார் விடறது? பதினேழு என் கையில இருக்கு. அப்போ பதில் சொல்றது யாரு?”

ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து பேசும், எதுவும் விளங்காது. அப்படியானால் இன்னொரு பதினேழு எங்கோ இருக்கிறது. தாரணி கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதிலிருந்து பிரிந்த ஒரு கிளை, ஊழியர்கள் சாப்பிடும் அறையின் ஃபிரிட்ஜுக்குள் போய், தயிர் டப்பாவுக்குப் பின்னால் ஒரு புது வெப்பமானியில் முடிந்தது.

அதைப் பிடுங்கிவிட்டு, கையிலிருந்த பழையதை அதன் பெட்டியில் மறுபடி மாட்டினாள். பத்தொன்பது டிகிரி.

“இந்தப் பெட்டி கெட்டு எத்தனை நாளாச்சு சார்?”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. எத்திராஜ் குரலைத் தாழ்த்தினார்.

“நாலு நாள். புதுசை மாட்டினா பழசு தானா வாயை மூடிக்கும்னு நெனச்சேன் மேடம்.”