ஏழு மணி அப்டேட்

"ஏழாவது படிக்கிற புள்ள கையில போனைக் கொடுத்திருக்கியே சுராயா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜோதி போட்ட போடு, டிரைவர் சீட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

பக்கத்து வீட்டு சுராயா சிரித்து வைத்தாள். "டியூஷன் பாடமெல்லாம் போன்லதான்க்கா வருது. என்ன செய்யச் சொல்றீங்க?"

"எங்க அகிலாவும் ஏழாவதுதான். போனுக்கும் அவளுக்கும் காத தூரம். வளர்ப்பு அப்படி!"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அகிலா காவிரியை வேடிக்கை பார்த்தாள்.

ஜோதி சும்மா போகவில்லை. பிள்ளைகள் இன்டர்நெட்டுக்குள் நுழையப் பெற்றோர் சம்மதம் கட்டாயம் என்று விதி வரப்போகிறதாம். அதற்கு ஜனங்களிடம் கருத்துக் கேட்க, சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். நன்றாகப் பேசுகிற ஒருத்தரைத் தாய்மார் சார்பில் ஆலோசனைக் குழுவில் போடுவார்களாம். அந்த ஒருத்தர் தான்தான் என்று எடமலைப்பட்டி புதூர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. லால்குடியில் அம்மா வீட்டுக்கும் தகவல் போயாச்சு.

பேச வேண்டியதெல்லாம் போனில் எழுதித் தயார்.

"அக்கா, எதைத் திறந்தாலும் 'சம்மதமா, சம்மதமா'ன்னு கேக்குதே. நீங்க படிச்சுப் பார்த்துத்தான் அழுத்துவீங்களா?"

"அதைப் படிச்சா சோறு வடிக்கிறது யாரு? அழுத்தினாத்தானே உள்ளேயே விடுறான்! தீபாவளிக்கு வாங்கின போனு. அது கேட்ட கேள்விக்கெல்லாம் அகிலாதான் டக்கு டக்குன்னு பதில் போட்டுக் கொடுத்தா."

"போனுக்கும் அவளுக்கும் காத தூரம்னீங்க?"

"அது வேற, இது வேற." ஜோதி பேச்சை மாற்றினாள். "போன் நல்ல போனுதான். தினம் ஏழு மணியானா மட்டும் இங்கிலீஷ்ல என்னமோ வந்து நின்னுரும். 'அப்டேட் ஓடுதும்மா, காலையில சரியாயிரும்'னு இவ சொல்லுவா. என்ன கம்பெனியோ போ!"

அகிலா இன்னும் காவிரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் தாண்டி வெகு நேரமாகியிருந்தது.

கல்யாண மண்டபத்தில் ஐந்து மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தார்கள். அதிகாரி வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, மைக்கைத் தட்டித் தட்டிச் சரிசெய்து, ஜோதியின் முறை வந்தபோது மணி ஏழை நெருங்கியிருந்தது.

ஜோதி பொரிந்து தள்ளினாள்.

"பெத்தவங்க சம்மதம் இல்லாம பிள்ளைங்க போனைத் தொடக்கூடாது! முதல்ல நாம ஒழுங்கா இருக்கணும். எங்க வீட்டுல ஏழு மணிக்கு மேல நான் போனைத் தொட மாட்டேன். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். சின்னவனுக்குக் கதை சொல்லித் தூங்க வைப்பேன். எல்லாம் ஒரு கட்டுப்பாடுதான்!"

மண்டபம் கை தட்டியது. சுராயா கூட வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வரிக்காக ஜோதி போனைப் பார்த்தாள். இங்கிலீஷ் வந்து நின்றிருந்தது.

"சார்... அப்டேட் ஓடுது."

"பேச்சை முழுசா முடிச்சாத்தான் குழுவுக்கு உங்க பேரை எழுத முடியும்மா. கொடுங்க, பார்க்கலாம்." அதிகாரி போனை வாங்கினார். மைக் பக்கத்திலேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. "இது அப்டேட் இல்லீங்களே! 'இன்றைய நேரம் முடிந்தது. தொடர வேண்டுமானால் பெற்றோரிடம் கேட்கவும்'னு போட்டிருக்கு. குழந்தைங்க போனுக்குப் போடுற பூட்டும்மா இது. இதுல உங்க வயசு ஒன்பது."

மண்டபத்தில் முதல் சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பியது.

"ரகசிய நம்பர் கேக்குது. உங்க பெற்றோருக்குத்தான் தெரியும்னு போட்டிருக்கு."

"எங்கம்மா லால்குடியில இருக்காங்க சார்," என்றாள் ஜோதி பரிதாபமாக. "அவங்ககிட்ட பட்டன் போனுதான்."

முன்வரிசையிலிருந்து அகிலா எழுந்தாள். மேடை ஏறி, போனை வாங்கி, அம்மாவைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்மா வேணும்? பத்து நிமிஷம் போதுமா?"

அவ்வளவுதான். மண்டபம் குலுங்கியது. பொன்னாடை போர்த்தியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?" ஜோதி மகள் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடியெல்லாம் தம்பி 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, தட்டுலயே தூங்கிருவாம்மா. நீ போன்ல இருப்பே. உனக்குக் கேக்காது." அகிலா தலையைக் குனிந்தாள். "இப்ப கதை கேட்டுட்டுத்தான் தூங்குறான்."

சிரிப்பு நின்றது. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள், இவ்வளவு நேரமும் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்த போன்களை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி பாப்பா, திறந்து கொடு. அம்மா பேசி முடிக்கட்டும். குழுவுக்கு ஒரு பேரு வேணுமே."

அகிலாவின் விரல் ரகசிய நம்பருக்குப் போனது. ஜோதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி, கிளம்பு. வீட்டுல தம்பி கதைக்கு முழிச்சுக்கிட்டு இருப்பான். அப்டேட் ஓடட்டும்."