எண்பத்தைந்து

கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருப்பவர் என் கணவர் பரிதி. பன்னிரண்டு வருடங்களாக, கண் திறந்த படம் ஒன்றுகூட எனக்கு வாய்க்கவில்லை. அதற்காகவே கேமராவுக்குப் புது லென்ஸ் வாங்க அவரையும் கூட்டிப் போனேன். அந்தச் சின்னக் கடையின் மங்கிய வெளிச்சத்துக்கு, கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டு லென்ஸுகளுமே போதும். முதலில் ஐம்பது மில்லிமீட்டரை மாட்டி அவர் முகத்தருகே போனேன். திறந்த கண்ணைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் கேமராவின் பச்சைக் கட்டம், அதைத் தேடித் தவித்தது.

"நீ கிட்ட வந்தாலே கண்ணு தானா சொருகுதுடி," என்றார். கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எண்பத்தைந்தை மாட்டினேன். அதற்கு விலகி நிற்க வேண்டும். விலகி விலகி, படியிறங்கி, ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

"ஏய், பின்னாடி பஸ்ஸு!"

கட்டம் சட்டென்று ஒட்டியது. அழுத்திவிட்டுப் படியில் தாவி ஏறினேன்.

"அண்ணே, இதையே குடுங்க!"

திரையில் அகல விரிந்த இரண்டு கண்கள். அவற்றுக்குள், பஸ்ஸுக்கு முன்னால், குட்டியாக நான்.