அக்காவின் ரேஸ் வண்டி

"எந்த வண்டியில உன் தம்பி குத்துயிரும் குலையுயிருமா கிடந்தானோ, அதையே வாசல்ல கொண்டுவந்து நிறுத்தியிருக்கியே. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அம்மா கேட்டதற்கு மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நசுங்கிய கதவைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தாள். அவள் வெல்டர். வீட்டை ஒட்டிய ஷெட்தான் அவளுடைய பட்டறை.

"ரேஸுக்கும்மா. காயலான் கடைக்குப் போன வண்டிங்களை மட்டும் சேர்த்துக்கிற ரேஸ். எட்டு மணி நேரம் தாக்குப்பிடிச்சு ஓடணும். எனக்கு இதுதான் மலிவாக் கிடைச்சுது."

தம்பி ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தான். உடனே உள்ளே போய்விட்டான்.

மருந்துக் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். விபத்தில் உடைந்த கால் கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. ஒரு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது அதே கம்பெனி குடோனில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறான்.

அக்காக்காரி அவனைச் சும்மா விட்டால்தானே? வண்டிக்குள் இருந்த மெத்தை, கண்ணாடி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். கவிழ்ந்தாலும் ஆளுக்கு அடிபடாதபடி, கனத்த குழாய்களை வளைத்துக் கூண்டு மாதிரி பற்றவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் தம்பிதான் வேண்டும்.

"டேய், இந்தக் குழாயைப் பிடி."

பிடித்தான்.

"டேய், உள்ளே உக்காந்து பிரேக்கை மிதி. நான் கீழே படுத்து பிரேக் லைன்ல இருக்கிற காத்தை எடுக்கணும்."

"வேற ஆளைக் கூப்பிடுக்கா."

"இப்ப வேற ஆளுக்கு நான் எங்கடா போவேன்?"

உட்கார்ந்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. "மிதி. பிடிச்சுக்கோ. விடு" என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. பார்த்த அம்மா மூன்று நாள் மகளோடு பேசவில்லை.

ரேஸ் அன்றைக்கு, மகன் கூடப் போகிறானே என்று அம்மாவும் போனாள்.

முதல் நாலு மணி நேரம் பட்டறைக்கு வந்துபோகும் பெயிண்டர் ஓட்டினார். அங்கே 'நெட்டை' என்றால்தான் அவரைத் தெரியும். ஒரே ஆள் கடைசி வரை ஓட்டக் கூடாது என்பது விதி. அடுத்து மகளின் முறை. ஹெல்மெட்டை எடுத்தவள், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சுளுக்கிக்கிச்சுடா. ஓட்ட முடியாது. பரவாயில்ல, வீட்டுக்குப் போயிடலாம்."

தம்பி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். கூண்டின் குழாய் ஒவ்வொன்றும் அவன் பிடித்துக் கொடுத்தது.

"சும்மா கணக்குக்குன்னு ஓட்டுறவங்க லிஸ்ட்ல என் பேரையும் எழுதினியே, அது செல்லுமாக்கா?"

"செல்லும்."

"ஹெல்மெட்டைக் கொடு."

அம்மா "வேண்டாம்ப்பா" என்பதற்குள் கிளம்பிவிட்டான்.

முதல் சுற்று ஆமை வேகம். எல்லோரும் அவனை முந்தினார்கள். ஏழாவது சுற்றில் அவன் ஒருவரை முந்தினான். அப்புறம் ஒரு வளைவில் முன்னால் போன வண்டி சறுக்கிக் குறுக்கே நின்றது. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் நிதானமாக ஒதுங்கி, தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

பெட்ரோலுக்கு வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு. அம்மா அதைப் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. மகள் நிரம்பிய கேனை ஒற்றைக் கையால் தூக்கி ஊற்றினாள். சுளுக்கிய அதே கை.

வண்டி கிளம்பியதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கையில ஒண்ணும் இல்ல. நோகாம இங்க நின்னுக்கிட்டு, அந்தப் புள்ளைய முன்னாடி தள்ளிவிட்டுட்டே. அவனை வரச்சொல்லிட்டு நீ போய் ஓட்டு."

மகள் பார்வையைத் தம்பியின் வண்டியிலிருந்து எடுக்கவில்லை.

"என்னால ஓட்ட முடியாதும்மா. அந்த ஸீட்டு முன்னே பின்னே நகராது. அவன் காலுக்கு அளந்து, முதல் வாரமே வெல்டு வெச்சுட்டேன். எனக்கு பிரேக்கே எட்டாது."