மஞ்சளாகப் பூத்த சுரை

சாய்ந்த மதிலை இடித்துக் கட்ட வந்த கொத்தனார் முதலில் அதன்மேல் கிடந்த கொடியில் கை வைத்தார்.

"அதை வெட்டாதீங்க. நான் போட்ட சுரை. என் மனைவி சாகுற வாரம் வரைக்கும் அதுக்குத் தண்ணி ஊத்தினா."

"சுரைன்னா பூ வெள்ளையா இருக்குமே சார். சாயங்காலம்தான் விரியும். இது காலையிலேயே மஞ்சளா விரிஞ்சு கிடக்கு. பூசணி."

"நான் காலேஜ்ல தாவரவியல் நடத்துறவன்."

"அப்படியா? பசங்க பாவம்."

இரண்டு மாதமாகத் தினமும் ஒரு வாளி ஊற்றியிருக்கிறேன். பூவை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. விதைக்கடையில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று சமாளித்தேன். வேரோடு பெயர்த்துத் தள்ளி நடலாம் என்று இலைகளை விலக்கினால், நான் ஊற்றிய இடத்தில் ஈர மண்தான் இருந்தது. தண்டு மதில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கியது.

அந்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "எங்க கொடிதான் தம்பி."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"உன் பொண்டாட்டி சத்தியம் வாங்கிட்டாளே. நீ போட்ட விதை ஒண்ணுகூட முளைக்கலையாம். 'வாத்தியார் முகம் தொங்கிப் போயிடும், ஒரு கொடியை இந்தப் பக்கம் ஏத்தி விடுங்க'ன்னா. தண்ணி ஊத்துற மாதிரி நடிச்சதும் உனக்காகத்தான்."

கொத்தனார் அரிவாளை எடுத்தார். "அப்போ வெட்டலாமா சார்? உங்க கொடி இல்லையே."

"என்னோடதுன்னா வெட்டலாம். இது அவ வச்சது."