மேலிருந்து பார்த்த பந்தல்

"போதும் கங்கப்பா! ஊரைப் படமெடுன்னா, அந்த ஓட்டு வீட்டையே சுத்தச் சொல்றியே. உள்ள யாரு, பழைய சிநேகிதியா?" விமானி வெங்கடசாமி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கங்கப்பன் சிரிக்கவில்லை. அணைக்கட்டு வேலைக்காகக் கிருஷ்ணகிரியை வானத்திலிருந்து படம் பிடிக்கப் பெங்களூரிலிருந்து வந்தவன், டெலிபோட்டோ லென்ஸைத் தான் பிறந்த வீட்டின்மேல் திருப்பியிருந்தான். வாசலில் பந்தல் போட்டிருந்தது.

லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் காட்டினாலும், மேலிருந்து பார்த்தால் மனிதனுக்கு முகம் ஏது? உச்சந்தலைதான். பந்தலுக்கு வெளியே அப்போதுதான் மழித்த தலை ஒன்று வெயிலில் பளபளத்தது. பக்கத்தில் மண்ணில் புரண்டு அழுதவளை மட்டும் சேலையை வைத்தே தெரிந்துகொண்டான். முதல் சம்பளத்தில் அவன் எடுத்துக்கொடுத்த சிவப்புச் சேலை. அம்மா.

"அப்பா போயிட்டாரு சார். தம்பி மொட்டை போட்டுக்கிட்டு நிக்கிறான்."

வெங்கடசாமியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நீதானப்பா மூத்த மகன்? ஒரு தந்திகூடவா அடிக்கல?"

"எப்படி சார் அடிப்பாங்க? போன மாசம் ஆரோக்கியசெல்வியை மாதா கோயில்ல வச்சுக் கட்டிக்கிட்டேன்ல. 'என் மூஞ்சியில முழிக்காத'ன்னாரு. 'முழிக்க மாட்டேன், போங்க'ன்னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்த ஒரு வார்த்தை அன்றிரவு பஸ்ஸில் வழியெல்லாம் அவனை அறுத்தது. ஓசூர் தாண்டியதும் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதான். காலில் விழுந்திருந்தால் மனுஷன் இளகியிருப்பார். வீம்பு யாரை விட்டது? இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

காலையில் வீட்டை நெருங்கியபோது தம்பி தீர்த்தகிரி பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தான், தலை நிறைய முடியோடு. கங்கப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மாட்டுக்கொட்டகையிலிருந்து மொட்டைத் தலையோடு வெளியே வந்தார் அப்பா திம்மராயன்.

"அப்பா!"

ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். சந்தோஷத்தில் அவனுக்கு நாக்குக் குழறியது. "நல்லா இருக்கீங்களாப்பா! என்னை மன்னிச்சிருங்கப்பா... நான் என்னென்னமோ நெனச்சுப் பதறி ஓடியாந்தேன்."

அவர் காலை உருவிக்கொண்டார்.

"கண்ணு!" என்று அலறியபடி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள் அம்மா. அப்பா குறுக்கே போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க? அப்ப இந்தப் பந்தல் யாருக்கும்மா?"

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பா மகன் பக்கம் திரும்பவேயில்லை. அவளிடம்தான் சொன்னார், உடைந்த குரலில்.

"உள்ள வா. பெரியவனுக்குத்தான் நேத்தே கருமாதி முடிச்சாச்சே."