ஐந்து தலை

"சார், பெரியவரைப் படுக்க வைக்காதீங்க! தூக்கி நிறுத்துங்க!"

தையல்கடை அக்கா கத்திக்கொண்டே கடையிலிருந்து ஓடி வந்தாள். பஸ் நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் தன் அப்பாவைக் கிடத்திக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு வலிம்மா இவருக்கு. எப்படி நிக்க வைக்கிறது?"

"வேற வழியில்ல சார். நிக்கிற தலையைத்தான் டிரைவர் எண்ணுவாரு. அஞ்சு தலை இருந்தாத்தான் பஸ் நிக்கும்."

"தெரியும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

தெரியுமாமே! அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருடைய கார் சற்றுத் தள்ளி, பெட்ரோல் தீர்ந்து சாலையோரம் நின்றது. பெட்ரோல் விற்கிற விலையில் கார் வைத்திருப்பவர்களும் போகவர மட்டும் அளந்து ஊற்றிக்கொள்கிற காலம். ஆபீசுக்கு அளந்தது ஆஸ்பத்திரிக்கு எட்டவில்லை, பாவம். காரில் போகிற மனுஷனுக்குப் பஸ் சட்டம் எப்படித் தெரியும்?

டீசல் விலை எகிறியபோது வந்த சட்டம் அது. ஓடுகிற பஸ்ஸை நிறுத்திக் கிளப்பினால் டீசலை மடக்கு மடக்கென்று குடிக்குமாம். ஆகவே ஐந்து பேருக்குக் குறைந்தால் நிறுத்தவே கூடாது. மீறுகிற டிரைவருக்குச் சம்பளத்தில் வெட்டு. இதை யோசித்த புண்ணியவான் பஸ்ஸில் கால் வைத்தே பல காலம் ஆகியிருக்க வேண்டும்.

தெருக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? யாருக்காவது பஸ் வேண்டுமென்றால், "தலை கொடுங்க!" என்று ஒரு குரல் வரும். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பார்கள். பஸ் நின்றதும் ஏற வேண்டியவர் ஏறிக்கொள்வார். மற்றவர்கள் அசடு வழியச் சிரித்துவிட்டுக் கடைக்குத் திரும்புவார்கள்.

"தலை கொடுங்க!" என்று அக்கா இப்போது குரல் கொடுத்தாள்.

சைக்கிள் கடைக்காரர் கிரீஸ் கையோடு வந்தார். சலூன்காரர் சீப்பும் கையுமாக வந்தார். அந்த வரிசையில் திறந்திருந்ததே மூன்று கடைதான். வீடுகளில் ஆள் இல்லை. எல்லோரும் விடியும் முன்பே நடந்து வேலைக்குப் போயிருந்தார்கள்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. பெரியவரைத் தூக்க நேரமில்லை. நான்கு பேரும் கையை ஆட்டினார்கள். "நெஞ்சு வலி! நெஞ்சு வலி!" என்று சைக்கிள் கடைக்காரர் சாலையில் இறங்கியே கத்தினார். பஸ் அவரைச் சுற்றி வளைந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

"பாவிப் பய! ஒரு தலை குறைஞ்சா குடியா முழுகிடும்?" என்று அக்கா மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் புழுதியைத் துடைத்தார்.

"ஆம்புலன்சுக்குச் சொன்னீங்களா சார்?"

"சொன்னேன். இருக்கிற ஒரு வண்டியும் வெளியே போயிருக்காம்."

"நான் போய் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரட்டா?" என்றார் சலூன்காரர்.

"நீங்க போற நேரத்துல பஸ் வந்துட்டா? இருக்கிற தலையும் போயிடும். நில்லுங்க பேசாம."

ஒரு கார் வந்தது. உள்ளே ஆட்கள் மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் நிற்கவில்லை.

பெரியவர் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உனக்கு ஆபீஸ் நேரமாச்சேப்பா... நான் இப்படியே கொஞ்சம் படுத்திருக்கேன்."

"சும்மா இருங்கப்பா" என்றார் மகன். அப்பாவின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார். அப்பன் மகன் இரண்டு பேரும் அக்காவுக்கு நல்ல மனுஷர்களாகத்தான் தெரிந்தார்கள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் திருப்பத்தில் ஹாரன் கேட்டது.

"தூக்குங்க!"

ஒரு பக்கம் மகன், இன்னொரு பக்கம் அக்கா. பெரியவரின் கைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுப்பி நிறுத்தினார்கள். மற்ற இருவரும் பக்கத்தில் ஒட்டி நின்றார்கள். பெரியவர் ஒருமுறை நீளமாக மூச்சு விட்டார். அடுத்த மூச்சுக்காக அக்கா காத்திருந்தாள். அது வரவில்லை. தோளில் கிடந்த கை சட்டென்று கனத்தது. முழங்கால்கள் மடங்கின.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தவள் பஸ்ஸைப் பார்த்தாள், மகனின் முகத்தைப் பார்த்தாள். கீழே விட்டால் பஸ் நிற்காது. ஒருவேளை டாக்டர் ஏதாவது செய்வாரோ? பல்லைக் கடித்துக்கொண்டு பெரியவரின் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். தலை தொங்காமல் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பஸ் நின்றது.

"அப்பா, பஸ் வந்துடுச்சுப்பா. கண்ணைத் திறங்க" என்றார் மகன்.

"இதுக்கு முன்னாடி ஒருத்தன் நிறுத்தாமப் போனானே, அவனெல்லாம் மனுஷனாய்யா?" என்று சைக்கிள் கடைக்காரர் கண்டக்டர்மேல் பாய்ந்தார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தபடி படியிலிருந்து இறங்கிய கண்டக்டர், கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் விறைத்து நின்று சலாம் வைத்தார்.

"ஐயா, நீங்களா! கோவிச்சுக்காதீங்கய்யா. முன்னாடி போன டிரைவர் புதுசு. அவருக்கு உங்க முகம் தெரியாது. அஞ்சு தலை இல்லேன்னா நிறுத்தாதேன்னு நீங்க போட்ட உத்தரவு மட்டுந்தான் தெரியும்."